புகை போகும் வழி: காட்டுத்தீயின் தடத்தை விண்ணிலிருந்து பின்தொடர்தல்

காட்டுத்தீயின் புகை எரிந்த இடத்திலேயே தங்கிவிடுவதில்லை. மரமும் சருகும் எரியும்போது எழும் வாயுக்களும் நுண்துகள்களும் சூடான காற்றோடு மேலேறுகின்றன. எந்த உயரத்தில் அவற்றின் ஏற்றம் ஓய்கிறதோ, அந்த உயரத்துக் காற்று வீசும் திசையில் நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செல்கின்றன. தரையில் நிற்பவருக்கு இந்தப் பயணத்தின் ஒரு துண்டுதான் தெரியும். தலைக்கு மேல் வானம் மங்கியிருப்பதைக் காணலாம்; அந்தப் புகை எங்கே பிறந்தது, எத்தனை நாள் நிற்கும், எவ்வளவு உயரத்தில் மிதக்கிறது என்பதை அங்கிருந்து அறிய வழியில்லை. பயணம் முழுவதையும் ஒருசேரக் காட்டக்கூடியவை செயற்கைக்கோள்கள் மட்டுமே. ஆனால் அவற்றிலும் எந்த ஒரு கருவியும் முழு விடையைத் தருவதில்லை. ஒன்று தீயைக் காட்டும், ஒன்று புகையின் பரப்பைக் காட்டும், இன்னொன்று உயரத்தைக் காட்டும். இவற்றைப் பொருத்திப் பார்ப்பதில்தான் புகையைப் பின்தொடரும் கலை இருக்கிறது.

2023 ஜூன் மாதம் கனடாவில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஆண்டு முழுவதும் சேர்த்துக் கனடாவில் ஏறத்தாழ 1.5 கோடி ஹெக்டேர் காடு எரிந்தது. அந்நாட்டின் பதிவுகளில் அதுவரை அப்படியொரு ஆண்டு இல்லை. ஜூன் 1 அன்று கியூபெக் மாகாணத்தின் காய்ந்த ஊசியிலைக் காடுகளில் விழுந்த மின்னல்கள் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் தீ மூட்டின. அதே வாரம் நோவா ஸ்கோஷியா கடற்கரையை ஒட்டி ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நகராமல் நின்றது. வட அரைக்கோளத்தில் தாழ்வு மண்டலத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக வீசும். ஆகவே அதன் மேற்குப் பக்கத்தில் காற்று வடக்கிலிருந்து தெற்கு நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கியூபெக் தீ எரிந்தது சரியாக அந்தப் பக்கத்தில். சிபுகமாவ் என்ற சிற்றூரின் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்ட அதே நேரத்தில், அங்கிருந்து தெற்கே ஆயிரம் கி.மீ. தொலைவில் உள்ள நியூயார்க்கின் வானம் செம்மஞ்சளாக மாறியது. ஜூன் 7 பிற்பகலில் அந்நகரின் காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டியது. பார்வைத் தூரம் குறைந்ததால் விமானங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. டொரன்டோவும் வாஷிங்டனும் அந்தப் புகையிலிருந்து தப்பவில்லை. அம்மாதக் கடைசி வாரத்தில் கனடாவின் புகை அட்லாண்டிக்கைக் கடந்து போர்த்துக்கல், ஸ்பெயின் வரை சென்றது.

இந்தப் பயணத்தைப் பதிவு செய்த செயற்கைக்கோள்கள் இரண்டு வகை. முதல் வகை, நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுபவை. பூமியிலிருந்து பார்த்தால் அவை நகராமல் ஒரே இடத்தில் நிற்கும். எனவே புவிநிலைச் செயற்கைக்கோள்கள் எனப்படுகின்றன. அமெரிக்காவின் கோஸ் வரிசை, ஜப்பானின் ஹிமவாரி, இந்தியாவின் இன்சாட்-3டி வரிசை ஆகியவை இப்படிப்பட்டவை. 2023-ல் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைக் கவனித்துக்கொண்டிருந்தது கோஸ்-16. அதன் படமெடுக்கும் கருவி 10 நிமிடத்துக்கு ஒருமுறை தன் பார்வைக்கு எட்டும் பூமி முழுவதையும், 5 நிமிடத்துக்கு ஒருமுறை அமெரிக்க நிலப்பரப்பையும், தேவைப்பட்டால் ஒரு சிறு சதுரத்தை நிமிடத்துக்கு ஒருமுறையும் படமெடுக்கும்.

இரண்டாம் வகை, எழுநூறு, எண்ணூறு கி.மீ. உயரத்தில் துருவத்திலிருந்து துருவத்துக்குச் சுற்றுபவை. நாசாவின் டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியும், சுவோமி என்.பி.பி., நோவா-20, நோவா-21 ஆகியவற்றில் உள்ள விர்ஸ் கருவியும் இந்த வகை. பூமிக்கு அருகில் இருப்பதால் இவற்றின் படம் கூர்மையானது. விர்ஸ் கருவியின் நுண்ணிய பட்டைகளில் ஒரு படப்புள்ளி தரையில் 375 மீட்டரை அடக்குகிறது. ஆனால் ஒரே இடத்துக்கு மேலே ஒரு செயற்கைக்கோள் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறைதான் வரும். விர்ஸைச் சுமப்பவை வருவது உள்ளூர் நேரம் 1:30 மணியை ஒட்டி. நிலநடுக்கோட்டுக்கு மேல் நிற்கும் கோஸ் படத்தில் கூர்மை குறைவு. கியூபெக் இருக்கும் 50 பாகை அட்சரேகையை அது மிகச் சாய்வாகப் பார்ப்பதால் படப்புள்ளிகள் நீண்டுபோகும். ஆனாலும் புகையின் ஓட்டம் தெரிவது அதில்தான். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் நகரும் புகையின் முனை 10 நிமிடத்தில் 6 கி.மீ. தள்ளிப்போயிருக்கும். அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அந்த நகர்வு கண்ணுக்கே தெரியும்.

பின்தொடரத் தொடங்கும் முன் புகை எங்கிருந்து கிளம்புகிறது என்பது தெரியவேண்டும். தீயைக் கண்டுபிடிக்கும் முறை கட்புலனாகும் ஒளியைச் சார்ந்ததன்று. எல்லாப் பொருள்களும் தம் வெப்பநிலைக்கு ஏற்ற அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகின்றன. 27 செல்சியஸ் வெப்பமுள்ள காட்டுத் தரை 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி அதிகமாகக் கதிர்வீசும். 700 செல்சியஸைத் தாண்டிய தழலோ 3 மைக்ரானுக்கு அருகில் உச்சம் தொடும். இந்த வேறுபாடு 4 மைக்ரான் அலைநீளத்தில் மிகப் பெரிதாகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் 1000 கெல்வின் தழல், 300 கெல்வின் தரையைவிட 4 மைக்ரானில் ஏறத்தாழ 4,500 மடங்கு அதிகம் ஒளிரும். 11 மைக்ரானில் அந்த விகிதம் 30 மடங்குக்கும் குறைவு. அதனால் ஒரு படப்புள்ளியின் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் எரிந்தாலும் 4 மைக்ரான் பட்டையில் அந்தப் புள்ளியின் ஒளிர்வு ஐந்து மடங்குக்கு மேல் எகிறும். 11 மைக்ரான் பட்டையில் கிட்டத்தட்ட ஒரு மாற்றமும் தெரியாது. 375 மீட்டர் படப்புள்ளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது 140 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,500 சதுர அடி. எண்ணூறு கி.மீ. உயரத்திலிருந்து அந்த அளவுத் தீயைப் பிடிக்க முடிகிறது என்பது வியப்பான சங்கதிதான்.

இந்த அலைநீளத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. புகைத்துகள்கள் மிகச் சிறியவை. 4 மைக்ரான் கதிர் அவற்றைப் பெரும்பாலும் தடையின்றிக் கடந்துவிடும். ஆகவே அடர்ந்த புகைக்கு அடியில் இருக்கும் தீ முகப்பும் தெரியும். மேகம் வந்தால் மட்டும் இந்தப் பார்வை மறைந்துவிடும்.

தீ இருக்கும் இடத்தோடு அதன் வலிமையையும் இந்தக் கதிர்வீச்சு சொல்கிறது. எரியும் பகுதி வெளியிடும் கதிர்வீச்சை மெகாவாட்டில் அளப்பது வழக்கம். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் மார்ட்டின் வூஸ்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2005-ல் வெளியிட்ட சோதனை முடிவுகளின்படி, ஒவ்வொரு மெகாஜூல் கதிர்வீச்சுக்கும் ஏறத்தாழ 0.37 கிலோ தாவரப் பொருள் எரிகிறது. ஆயிரம் மெகாவாட் காட்டும் ஒரு தீ, ஒரு விநாடிக்கு 370 கிலோ எரிபொருளைத் தின்கிறது என்று இதிலிருந்து கணிக்கலாம். எவ்வளவு எரிந்தது என்று தெரிந்தால் எவ்வளவு புகை கிளம்பியிருக்கும் என்பதையும் மதிப்பிடலாம். முன்னறிவிப்பு மாதிரிகளுக்கு அடிப்படை உள்ளீடு இதுதான்.

அடுத்து, புகையையே பார்ப்பது. வண்ணப் படத்தில் புகை சாம்பலும் நீலமும் கலந்த, சில இடங்களில் பழுப்பேறிய மெல்லிய திரையாகத் தெரியும். மேகம் வெண்மையாக, விளிம்பு திட்டவட்டமாக இருக்கும். பழகிய கண் எளிதில் பிரித்துவிடும். ஆனால் கணினிக்கு அதைச் சொல்லிக்கொடுக்க இயற்பியல் தேவை. புகைத்துகள்களில் பெரும்பாலானவற்றின் விட்டம் அரை மைக்ரானுக்கும் குறைவு. மேகத்துளிகள் 10 மைக்ரான், 20 மைக்ரான் அளவுள்ளவை. சிறிய துகள்கள் நீல ஒளியை நன்றாகச் சிதறடிக்கும். அலைநீளம் கூடக்கூட அவற்றின் சிதறல் வேகமாகக் குறையும். நீலத்தில் தடித்த திரையாக இருக்கும் புகை 2.1 மைக்ரான் அகச்சிவப்பில் கிட்டத்தட்ட மறைந்துபோகும். மேகம் இந்த அலைநீளங்களில் அப்படி மறைவதில்லை.

நாசாவின் யோரம் காஃப்மனும் அவரோடு உழைத்தவர்களும் மோடிஸ் கருவிக்காக உருவாக்கிய கணக்கீட்டு முறை இந்தப் பண்பை அழகாகப் பயன்படுத்திக்கொண்டது. விண்ணிலிருந்து பார்க்கும்போது கருவியை அடையும் ஒளியில் புகை சிதறடித்ததும் உண்டு, கீழே உள்ள நிலம் திருப்பியனுப்பியதும் உண்டு. இரண்டையும் பிரிக்காமல் புகையின் அடர்த்தியைச் சொல்ல முடியாது. புகையே இல்லாததுபோல் தோன்றும் 2.1 மைக்ரான் பட்டையில் நிலத்தின் ஒளிர்வை முதலில் அளந்துவிடலாம். தாவரம் அடர்ந்த நிலத்தில் அந்த ஒளிர்வுக்கும் நீல, சிவப்புப் பட்டைகளின் ஒளிர்வுக்கும் ஓர் உறவு உண்டு. அந்த உறவைக் கொண்டு நிலத்தின் பங்கைக் கழித்தால் மிஞ்சுவது காற்றில் மிதக்கும் துகள்களின் பங்கு. அது ஒளியியல் தடிமன் என்ற எண்ணாகத் தரப்படுகிறது. தெளிந்த வானில் இந்த எண் 0.1 அளவில் இருக்கும். 1 என்றால் நேராக வரும் சூரிய ஒளியில் 37 விழுக்காடு மட்டும் தரையை எட்டும்; 3 என்றால் 5 விழுக்காடுதான். காடும் கடலும் கருமையான பின்னணி என்பதால் இம்முறை அங்கே நன்றாக வேலை செய்கிறது. பாலைவனம் போன்ற வெளிறிய நிலத்துக்கு வேறு முறை வேண்டியிருந்தது. அங்கே அடர்நீலப் பட்டையை நம்பிக் கணக்கிடுகிறார்கள்.

இந்தத் தானியங்கிக் கணக்கீட்டில் ஒரு பெரிய குறை உண்டு. புகைப் படங்களைப் பயன்படுத்துவோர் இதை எப்போதும் மனத்தில் வைத்திருப்பது நல்லது. மேகத்தை விலக்கிவிட்டுத்தான் ஒளியியல் தடிமனைக் கணக்கிட முடியும். புகை மிகவும் தடித்துவிட்டால் நிரல் அதையே மேகம் என்று எடுத்துக்கொண்டு ஒதுக்கிவிடும். அதன் விளைவாக, தீக்கு மிக அருகில், மக்கள் மிக அதிகமாக மூச்சுத்திணறும் இடத்தில், வரைபடம் வெற்றிடமாகக் கிடக்கும். அந்த வெற்றிடத்தைத் தூய காற்று என்று படித்தால் ஆபத்து.

அதனால்தான் அமெரிக்காவின் நோவா அமைப்பு இன்றும் புகையின் எல்லைகளை மனிதர்களின் கையாலேயே வரையச் செய்கிறது. தீ மற்றும் புகையை வரைபடமாக்கும் அதன் பிரிவில், பகுப்பாய்வாளர்கள் கோஸ் படங்களை ஓட்டிப் பார்த்தபடி புகைத்திரையின் விளிம்பைச் சுற்றிக் கோடிழுத்து, மெல்லியது, நடுத்தரம், அடர்த்தி என மூன்று வகையாகக் குறிக்கிறார்கள். ஒரே ஒரு நிழற்படத்தில் மெல்லிய புகையும் மெல்லிய மேகமும் ஒன்றாகவே தோன்றலாம். படங்களை ஓடவிட்டால், ஒரு முனையில் தீப்புள்ளிகளோடு தொடர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் திரை எது, காற்றோடு பிறந்து கலையும் மேகம் எது என்பது பிடிபடும். அவர்கள் மிகவும் விரும்பும் நேரம் சூரியன் உதித்த பிறகும் மறைவதற்கு முன்பும் உள்ள சில மணி நேரம். சிறு துகள்கள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது அப்படிச் சிதறிய ஒளி செயற்கைக்கோளின் பக்கம் அதிகமாக வரும். கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் தூசு எதிர்ப்பக்கம் நிற்பவருக்குப் பளிச்சென்று தெரிவதைப் போன்றதுதான் இது. நண்பகலில் கண்ணுக்கே தெரியாத புகைப்படலம் மாலை ஐந்து மணிப் படத்தில் மாநிலங்களைத் தாண்டி விரிந்து கிடப்பதைக் காணலாம். புகை அதற்குள் பரவிவிட்டது என்று பொருளில்லை. அது முன்பே அங்கே இருந்தது.

வண்ணப் படங்கள் கைவிடும் இடங்களில் புற ஊதா உதவிக்கு வருகிறது. 1978-ல் ஏவப்பட்ட நிம்பஸ்-7-ல் இருந்த, ஓசோனை அளப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட டாம்ஸ் கருவியின் தரவுகளில் இந்த வழி பின்னாளில் கண்டறியப்பட்டது. காற்றின் மூலக்கூறுகள் புற ஊதாவை வலுவாகச் சிதறடிப்பதால் விண்ணிலிருந்து பார்க்கையில் வளிமண்டலமே அந்த ஒளியில் பிரகாசமாக இருக்கும். இந்தப் பிரகாசத்தின் மேல் புகை வந்தால் அதில் ஒரு பகுதியை அது உறிஞ்சிவிடும். வெண்மேகம் உறிஞ்சுவதில்லை. ஆகவே மேகத்துக்கு மேலே மிதக்கும் புகையும் பனிப்பரப்பின் மேல் படரும் புகையும் இந்தக் குறியீட்டில் தனியே தெரிந்துவிடும். புகை உயரே போகப்போகக் குறியீட்டின் மதிப்பு கூடும். தரையை ஒட்டிய புகைக்கு இது மந்தம். 2017 அக்டோபரில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் சென்டினல்-5பி-யில் உள்ள ட்ரோபோமி கருவி இதோடு கார்பன் மோனாக்சைடையும் அளக்கிறது. முழுதாக எரியாத விறகிலிருந்து வெளியேறும் இந்த வாயு வளிமண்டலத்தில் வாரக்கணக்கில் நீடிக்கும். துகள்கள் மழையில் கரைந்துபோன பிறகும் இந்த வாயுவின் தடம் அழிவதில்லை. கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் புகையை நம்பிக்கையோடு பின்தொடர இதைவிடச் சிறந்த அடையாளம் கிடைப்பது அரிது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது, மக்களுக்கு முக்கியமான கேள்வி: மேலே தெரியும் புகை மூச்சில் கலக்குமா? 2020 செப்டம்பர் 9 அன்று கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோவில் பகல் முழுவதும் வானம் ஆழ்ந்த செம்மஞ்சள் நிறத்தில் இருந்தது, தெருவிளக்குகள் எரிந்தன. ஆனால் அன்று தரையில் இருந்த அளவிகள் காட்டிய மாசு, வானத்தின் நிறத்தைப் பார்த்து அஞ்சிய அளவுக்கு இல்லை. பசிபிக்கிலிருந்து வரும் குளிர்ந்த ஈரக்காற்று நகரின் மேல் ஒரு தாழ்ந்த அடுக்காகப் படிந்திருந்தது. புகை அதற்கு மேலே நின்றது. அந்த அடுக்கு பிடி தளர்ந்த அடுத்த நாள்களில்தான் காற்று மிகவும் கெட்டது. 2023 ஜூன் 7 அன்று நியூயார்க்கின் வானமும் அதே நிறந்தான். ஆனால் அங்கே தாழ்வு மண்டலத்தின் மேற்குப் பக்கத்தில் இறங்கிய காற்று புகையைத் தரைக்கே கொண்டுவந்தது. மேலிருந்து எடுத்த வண்ணப் படத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே காட்சி. தரையில் ஒன்று அச்சுறுத்தும் வானம், மற்றொன்று மருத்துவ நெருக்கடி.

உயரத்தை அளக்க இரண்டு வழிகள் பயன்பட்டுவந்திருக்கின்றன. டெர்ராவில் உள்ள மிஸ்ர் கருவிக்கு ஒன்பது கேமராக்கள். சில முன்னோக்கியும் சில பின்னோக்கியும் ஒன்று நேர்கீழாகவும் பார்க்கின்றன. ஒரே புகைத்தூணை ஏழு நிமிடத்துக்குள் ஒன்பது கோணங்களில் படமெடுத்து, படங்களுக்கிடையே அது இடம் மாறித் தெரியும் அளவிலிருந்து உயரத்தைக் கணக்கிடலாம். தீக்கு அருகில், விளிம்பு தெளிவாக இருக்கும் புகைக்கு இது பொருத்தமானது. பரவி மெலிந்த புகைக்கு லேசர் வேண்டும். 2006 ஏப்ரலில் ஏவப்பட்ட கலிப்சோ செயற்கைக்கோள், விநாடிக்கு 20 முறை லேசர் துடிப்பைக் கீழே அனுப்பி, திரும்பி வரும் ஒளியின் நேரத்தைக் கொண்டு எந்த உயரத்தில் எது இருக்கிறது என்று வளிமண்டலத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டியது. திரும்பும் ஒளியின் முனைவாக்கம் மாறியிருந்தால் அது கோணல்மாணலான பாலைத் தூசு. பெரிதும் மாறாதிருந்தால் உருண்டையான புகைத்துகள். 2023 ஆகஸ்டில் கலிப்சோவின் பணி முடிந்தது. 2024 மே மாதம் ஏவப்பட்ட, ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து உருவாக்கிய எர்த்கேர் இப்போது அந்த வேலையைச் செய்கிறது. லேசரின் குறை அதன் ஒடுக்கம்: தரையில் விழும் கற்றை நூறு மீட்டரைக்கூட எட்டாது. புகை அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் அதிர்ஷ்டம். பக்கத்தில் இருந்தால் ஒன்றும் தெரியாது.

பெரும்பாலான தீயின் புகை தரையிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள்ளேயே தங்கிவிடும். மிகக் கடுமையான தீ மட்டும் தன் வெப்பத்தால் தானே ஒரு இடிமேகத்தைப் பிறப்பிக்கும். பைரோகியூமுலோநிம்பஸ் எனப்படும் இந்த மேகம் ஒரு புகைபோக்கியாகச் செயல்பட்டு, புகையை அடுக்கு மண்டலத்தின் (ஸ்ட்ராட்டோஸ்பியர்) எல்லை வரை ஏற்றிவிடும். 2017 ஆகஸ்டில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இப்படிக் கிளம்பிய புகை 12 கி.மீ. உயரத்தில் புகுந்து, இரண்டு மாதத்துக்குள் 23 கி.மீ. வரை ஏறியது. புகையில் இருக்கும் கரிமம் வெயிலை உறிஞ்சிச் சூடாகிறது. சூடான காற்று மேலேறுகிறது. புகையும் அதோடு போகிறது.

2019 டிசம்பர் 29-க்கும் 2020 ஜனவரி 4-க்கும் இடையே ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் எழுந்த புகை இதையும் மிஞ்சியது. தாழ்ந்த உயரத்தில் சென்ற பகுதி டாஸ்மன் கடலைக் கடந்து, ஜனவரி 5 அன்று 2,000 கி.மீ. தொலைவில் உள்ள நியூசிலாந்தின் ஆக்லாந்து வானத்தைச் செம்மஞ்சளாக்கியது. ஹிமவாரி படங்களில் அந்தப் பழுப்புப் பட்டை கடல் மேல் நீண்டு செல்வது தெளிவாகத் தெரிந்தது. இடிமேகங்கள் அடுக்கு மண்டலத்துக்குள் தள்ளிய பகுதி தென் அமெரிக்காவைத் தாண்டி உலகையே சுற்றியது. அதில் ஒரு துண்டு 1,000 கி.மீ. அகலமுள்ள சுழலாகத் திரண்டு, கலையாமல் மூன்று மாதத்தில் 66,000 கி.மீ. பயணம் செய்து 35 கி.மீ. உயரம் வரை ஏறியதைக் கலிப்சோவின் லேசரும் பிற கருவிகளும் நாள்தோறும் பின்தொடர்ந்தன. புகை தன் வெப்பத்தால் தனக்கென ஒரு காற்றுச்சுழலை உண்டாக்கிக்கொள்ளும் என்று அதற்கு முன் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

பார்த்ததிலிருந்து வரப்போவதைச் சொல்வது மாதிரிகளின் வேலை. காற்றின் வேகமும் திசையும் உயரத்துக்கு உயரம் மாறுகின்றன. ஆகவே ஒரே தீயின் புகை 500 மீட்டரில் தெற்கே போக, 5 கி.மீ. உயரத்தில் உள்ளது கிழக்கே போகலாம். நோவாவின் ஹைஸ்ப்ளிட் போன்ற மாதிரிகள் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் காற்றுப் பொட்டலம் மணிக்கு மணி எங்கே இருக்கும் என்று முன்னோக்கியும், இங்கே வந்த காற்று எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கியும் கணக்கிடும். செயற்கைக்கோள் படத்தில் தெரியும் நகர்வு எந்த உயரத்துக் காற்றோடு ஒத்துப்போகிறதோ, புகை அந்த உயரத்தில் இருக்கிறது என்று ஊகிப்பதும் உண்டு. 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஆர்.ஆர்.ஆர். மாதிரியின் புதிய பதிப்பு, விர்ஸ் போன்ற கருவிகள் அளந்த தீயின் கதிர்வீச்சை எடுத்து, 3 கி.மீ. கட்டங்களில் அமெரிக்கா முழுவதற்கும் 48 மணி நேரப் புகை முன்னறிவிப்பைத் தருகிறது. உலகளவில் இதை ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவை செய்கிறது. இம்மாதிரிகள் சறுக்குவது பெரும்பாலும் காற்றில் அன்று, தீயில். நாளைய தீயும் இன்றையதைப் போலவே எரியும் என்று வைத்துக்கொள்வதைத் தவிர அவற்றுக்கு வேறு வழி குறைவு. திடீரென்று காற்று வலுத்துத் தீ பல மடங்கானாலோ, மழையில் அணைந்தாலோ, கணக்கு பிசகிவிடும். இரவில் கட்புலனாகும் படமும் கிடைக்காது. சாதாரண அகச்சிவப்புப் படத்தில் புகை தெரியாது. நிலவொளி இருந்தால் விர்ஸின் இரவுப் பட்டை கொஞ்சம் காட்டும். இல்லாவிட்டால் விடியும் வரை மாதிரியைத்தான் நம்பவேண்டும்.

தரையளவிகள் இல்லாமல் இவை எதையும் சரிபார்க்க முடியாது. 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகள்கள் ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்று அளப்பவை அவை. உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த வரம்பு 24 மணி நேரச் சராசரியாக 15. ஒளியியல் தடிமன் என்பது தரை முதல் விண் வரை உள்ள மொத்தத் துகளின் கணக்கு. மக்கள் சுவாசிப்பது அதன் அடியில் உள்ள சில மீட்டரை மட்டும். நாசாவின் ஏரோநெட் வலையமைப்பு, சூரியனை நேராகப் பார்க்கும் ஒளிமானிகளைக் கொண்டு அந்த மொத்தக் கணக்கைத் தரையிலிருந்தே அளந்து செயற்கைக்கோள்களைத் திருத்துகிறது.

இந்த முறைகள் அனைத்தும் கடுஞ்சோதனைக்கு உள்ளாகும் இடம் தென்கிழக்கு ஆசியா. சுமத்ராவிலும் போர்னியோவின் கலிமந்தானிலும் எண்ணெய்ப்பனைக்கும் காகித மரங்களுக்கும் வடிகால் வெட்டி உலர்த்தப்பட்ட கரிச்சேற்று (பீட்) நிலங்கள், எல் நினோ ஆண்டுகளில் மாதக்கணக்கில் எரிகின்றன. 1997-லும் 2015-லும் நடந்தவை மிகப் பெரியவை. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்குப் புகைமூட்டம் என்பது செய்தித்தாள் சொல் மட்டுமன்று. பள்ளிக்கூடங்களை மூடவைக்கும் ஒரு பருவம். 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் காற்று மாசுக் குறியீடு 401-ஐத் தொட்டது. இரண்டு நாள் கழித்து மலேசியாவின் மூவாரில் அந்நாட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டி, நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது.

கரிச்சேற்று நிலம் கொழுந்துவிட்டு எரிவதில்லை. மண்ணுக்கு அடியில் கனன்றுகொண்டே இருக்கும். வெப்பநிலை குறைவு என்பதால் 4 மைக்ரான் பட்டையில் அதன் ஒளிர்வு மிகவும் மங்கலாகிவிடும். ஆனால் முழுதாக எரியாத காரணத்தால் அது வெளியிடும் புகையும் கார்பன் மோனாக்சைடும் மிக அதிகம். அதாவது வெப்பப்புள்ளிகளை மட்டும் எண்ணினால் தீ சிறிதாகத் தோன்றும். புகையை அளந்தால் பெரிதாகத் தெரியும். நிலநடுக்கோட்டு மேகங்கள் பல நாள்களில் இரண்டையும் மறைத்துவிடுகின்றன. சிங்கப்பூரில் இயங்கும் ஆசியான் சிறப்பு வானிலை மையம் ஒவ்வொரு நாளும் வெப்பப்புள்ளிகளையும் புகைப்பரப்பையும் காற்றின் திசையையும் ஒரே வரைபடத்தில் வெளியிடுகிறது. மேகம் மூடிய நாள்களில் புள்ளிகள் குறைவது தீ குறைந்ததைக் காட்டாது என்பதையும் கருத்தில் கொண்டே அதைப் படிக்கவேண்டும். 2020-ல் ஏவப்பட்ட தென் கொரியாவின் ஜெம்ஸ் கருவி, புவிநிலையிலிருந்தே ஆசியாவின் வாயுக்களையும் துகள்களையும் பகல் நேரத்தில் மணிக்கு ஒருமுறை அளப்பதால் இந்த இடைவெளி ஓரளவு குறைந்திருக்கிறது.

இங்கே புகையின் தடம் சட்டத்துக்கும் தேவைப்படுகிறது. எல்லை கடந்த புகைமூட்டத்தைத் தடுக்க ஆசியான் நாடுகள் 2002-ல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. சிங்கப்பூர் 2014-ல் இயற்றிய சட்டம் இன்னும் ஒருபடி மேலே போனது. வெளிநாட்டில் தீயிட்டு அல்லது தீயை அனுமதித்துச் சிங்கப்பூரின் காற்றைக் கெடுக்கும் நிறுவனங்கள் மீது அங்கே வழக்குத் தொடரலாம். நகரில் புகைமூட்டம் இருக்கும்போது வெளியே ஓரிடத்தில் தீ எரிகிறது, செயற்கைக்கோள் தகவலும் காற்றின் வேகமும் திசையும் அந்தப் புகை சிங்கப்பூரை நோக்கி நகர்வதைக் காட்டுகின்றன என்றால், நகரின் மாசுக்கு அந்தத் தீயே காரணம் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. அப்படி இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. அந்த நிலம் யாருக்கு உரிமையானது என்பதை மட்டும் எந்தச் செயற்கைக்கோளும் காட்டுவதில்லை. அதற்கு நில உரிமை வரைபடங்கள் வேண்டும். அவை தீ எரிந்த நாட்டின் அலுவலகங்களில் இருக்கின்றன.